முகத்தைப் பார்க்காமல் ஓட்டவும்

1

இந்தக் கதையைப் பழிவாங்குவதற்காகத்தான் எழுதத் தொடங்கினேன். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் என் மானம் போகும். நானாகச் சொன்னால் நேர்மை என்று பெயர் கிடைக்கும்.

அழகு அறுவை மருத்துவமனை ஒன்று என்னிடம் ஒரு கையேடு கேட்டிருந்தது. 'புருவ உயர்த்தல் அறுவை: நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை.' பன்னிரண்டு பக்கம், அதில் எட்டுப் பக்கம் படம். தகவல் சேகரிக்கக் காத்திருப்போர் அறையில் உட்கார்ந்திருந்தேன். சுவர் வெள்ளை, சோபா வெள்ளை, மேசைமேல் இருந்த பூவும் வெள்ளை. பூ பிளாஸ்டிக். வயதே ஆகாத ஒன்றை நோயாளிகளின் கண்ணெதிரே வைத்து வெறுப்பேற்றுவது எந்த மருத்துவ முறையோ தெரியவில்லை.

எதிர் நாற்காலியில் ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தார். வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். கைப்பையை மடியில் தேர்வு அட்டைபோல நிமிர்த்திப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்தார். என் வலது கால் தானாகவே, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது.

அவர் ஓட்டுநர் உரிமத் தேர்வாளர். என்னை இரண்டு முறை ஃபெயில் ஆக்கியவர்.

"கண்ணாடி பாக்காம லேன் மாறுனவர்தானே நீங்க?"

"அது முதல் தடவைங்க."

"ரெண்டாவது தடவை?"

"கண்ணாடியைப் பாத்தேன். ரோட்டைப் பாக்கல."

அவர் தலையசைத்துக்கொண்டார். கோப்பில் இருந்த ஒரு சந்தேகம் தீர்ந்த மாதிரி. அந்த நொடியில் முடிவு செய்தேன்: இந்த அம்மாவை வைத்து ஒரு கதை எழுதி, கதைக்குள்ளாவது ஃபெயில் ஆக்கிவிட வேண்டும்.

2

முதல் தொடக்கம்: 'கொடுங்கோல் புருவங்களுக்குக் கீழே இரக்கம் என்பதையே அறியாத இரண்டு விழிகள் கனன்று' [கனல்வதை நிறுத்தினேன். அவர் அப்போது கைப்பையிலிருந்து கைக்குட்டை எடுத்து, பக்கத்து இருக்கைக் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.]

இரண்டாம் தொடக்கம்: 'புருவம் என்பது முகத்தின் முகவரி. அந்த முகவரி இறங்கும்போது வாழ்க்கையும்' [மருத்துவமனை இயக்குநர் இது மிகவும் பிடித்திருப்பதாகச் சொன்னார். அதனாலேயே அடித்துவிட்டேன்.]

மூன்றாம் தொடக்கம்: 'அவர் உண்மையில் ரொம்ப நல்லவர் என்பது' [இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.]

தொடக்கம் வேண்டாம், விஷயத்துக்கு வருகிறேன். தேர்வாளருக்குப் புருவங்கள் தாழ்வாக, நேர்க்கோடாக, கண்ணின் மேல் கூரைபோல இறங்கி உட்கார்ந்திருக்கும். வெளி ஓரங்கள் சற்றுக் கனத்துத் தொங்கும். அவர் நாளைக்கு வாஷிங் மெஷின் ரிப்பேர்காரரைக் கூப்பிடலாமா என்று யோசித்தாலும், பார்ப்பவருக்குத் தண்டனை எத்தனை வருடம் என்று யோசிப்பதுபோலத் தெரியும். தேர்வுக்கு வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சிவப்பு விளக்கு'. பார்த்ததும் நின்றுவிடுகிறார்கள் அல்லவா, அதனால்.

இருபத்தொரு வருடச் சர்வீஸ். தலைமைத் தேர்வாளர் ஓய்வு பெறுகிறார். மூப்புப்படி அந்த நாற்காலி இவருக்கு வர வேண்டும். ஆனால் இவருடைய ஆண்டறிக்கையில், தேர்வுக் குழுத் தலைவர் தம் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார்:

'பணியில் குறையில்லை. ஆயினும் முகப்பாங்கு கடுமை. தலைமைப் பொறுப்புக்கு மலர்ந்த முகம் அவசியம்.'

நேர்காணலுக்கு ஐந்து வாரம் இருந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவருடைய தங்கைதான் இந்த மருத்துவமனையில் நேரம் வாங்கிக் கொடுத்தார். "ஒரு வரிக்காகப் பதவியை விட்டுக்கொடுப்பியா அக்கா? புருவத்தைத்தானே தூக்கச் சொல்றாங்க, மலையையா?"

3

இயக்குநரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் மருத்துவர் அல்ல; மருத்துவமனையின் முதலாளி. தம் புருவத்தை இரண்டு முறை உயர்த்திக்கொண்டவர். அதன்பின் உலகில் எது நடந்தாலும் அவர் முகம் மகிழ்ச்சியோடு வரவேற்கும். நான் எழுதிக் கொடுத்த பக்கத்தை அவர் படிக்கும்போது பிடித்திருக்கிறதா, கோபமா, தூக்கமா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

"நம்பிக்கை கொடுக்கற மாதிரி ஒரு பெண்மணி கதை வேணும்," என்றார் ஆச்சரியமாக. எல்லாவற்றையும் ஆச்சரியமாகத்தான் சொல்வார். "முன்னால சோகம். பின்னால வெற்றி. நடுவுல நாம."*

* அந்த 'நடுவுல நாம' என்னவென்று கையேட்டில் நான் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன், உதவும். தலைமுடிக்குள் சில சிறு வெட்டுகள் போட்டு, மெல்லிய கேமராவை உள்ளே விட்டு, நெற்றித் திசுக்களைத் தளர்த்தி, மேலே இழுத்துப் பொருத்துவார்கள். வேறு முறைகளும் உண்டு. சிலவற்றில் முடிக்கோடு பின்னால் போகும், நெற்றி அகலமாகும். வீக்கமும் கன்றலும் வடிய இரண்டு வாரம்போல ஆகும். உச்சந்தலை மரத்துப்போவது, அரிப்பது மாதக்கணக்கில் நீடிக்கலாம். தழும்பைச் சுற்றி முடி உதிரலாம். ஒரு புருவம் மேலே, ஒன்று கீழே என்று நிற்கலாம். அபூர்வமாக, புருவத்தை அசைக்கும் நரம்பு சோர்ந்துபோகலாம். புகைப்பவர்களுக்குப் புண் ஆற நாளாகும். செய்துகொண்டாலும் வயது நிற்காது. தொடர்ந்து ஆகிக்கொண்டே இருக்கும். [இயக்குநர் இந்தப் பத்தியை 'சின்ன எழுத்தில்' போடச் சொன்னார். கொஞ்சம் சின்னதாகத்தான் போட்டேன்.]

4

ஆலோசனை அறைக்குள் என்னையும் விட்டார்கள். அறுவை மருத்துவர் ஒரு டாக்டரம்மா. தம் நெற்றியில் நாலு வரி ரேகையோடு, அதைப் பற்றிக் கவலையே இல்லாமல் இருந்தார். "இவர் கையேடு எழுதறவர். இருக்கலாமா?" என்று தேர்வாளரிடம் கேட்டார்.

"இருக்கட்டும். இவர் பக்கத்துல நான் ரெண்டு தடவை உக்காந்திருக்கேன். இதுல என்ன பயம்?"

டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொன்னார். நெற்றியைத் தளர விடச் சொன்னார். பிறகு மெல்லத் திறக்கச் சொன்னார். பலர் கண்ணைத் திறக்கும்போதே நெற்றித் தசையால் புருவத்தைத் தூக்கிப் பிடிப்பார்களாம். இப்படித் தளர விட்டால்தான் உண்மையான இடம் தெரியுமாம். இமையை விரலால் தொட்டுப் பார்த்தார். மேல்பக்கம் பார்வை மறைகிறதா என்று சோதித்தார். "இமையில அதிகச் சதை இல்ல. பார்வையும் மறைக்கல. சில பேருக்குப் புருவம் சரியா இருக்கும், இமைதான் தொங்கும். தெரியாம புருவத்தைத் தூக்கச் சொல்லி வந்து நிப்பாங்க."

பிறகு இரண்டு கட்டைவிரலாலும் புருவங்களை மேலே தூக்கிக் கண்ணாடியைக் காட்டினார்.

தேர்வாளர் வெகுநேரம் பார்த்தார். "யாரோ தெரியாதவங்க என் வீட்டுக் கதவைத் திறந்துட்டு எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு."

"பழகிடும். ஆனா முதல்ல எனக்கு உங்க இருபது வயசுப் போட்டோ ஒண்ணு வேணும். எங்கேருந்து எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாக்காம நான் கத்தியே எடுக்க மாட்டேன்."

"போட்டோ இல்லீங்க டாக்டர்."

"ஒண்ணுகூடவா?"

"போட்டோ எடுக்கறவங்க எல்லாரும் 'கொஞ்சம் சிரிங்கம்மா'ன்னாங்க. நான் சிரிச்சுட்டேதான் இருந்தேன். அதுக்கப்புறம் நிக்கறதையே விட்டுட்டேன்."

[இந்த இடத்தில்தான் என் பழிவாங்கும் கதை முதல்முறை பிரேக் பிடித்தது. வண்டி நின்றுபோகவில்லை. கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான்.]

5

தங்கைக்குப் பொறுமை கிடையாது. "போட்டோ கிடைக்கற வரைக்கும் சும்மா இருப்பானேன்? ஒரு ட்ரையல் பாத்துடலாம் அக்கா." மருந்துக்கடையிலிருந்து தோல்நிற டேப் வந்தது. நெற்றியின் இரண்டு பக்கமும் இழுத்து ஒட்டி, மேலே முடியை இறக்கிவிட்டு மறைத்தார். தேர்வாளர் அன்று மலர்ந்த முகத்தோடு வேலைக்குப் போனார்.*

* வீட்டில் செய்து பார்க்காதீர்கள். சாயங்காலம் டேப்பைப் பிரித்தபோது தேர்வாளர் சொன்ன சொற்களைக் கையேட்டிலும் போட முடியாது, கதையிலும் போட முடியாது.

அன்று ஐந்து பேருக்குத் தேர்வு.

முதலாமவர் ஒரு பல் மருத்துவர். கிளம்பிப் பத்து மீட்டர் போனதும் பக்கத்தில் பார்த்தார். தேர்வாளர் முகத்தில் அப்படி ஓர் அதிர்ச்சி. உடனே பிரேக். "மேடம், எது மேலயாவது ஏத்திட்டேனா?" "இல்ல, போங்க." போகவில்லை. இறங்கிக் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், நடுச்சந்திப்பில்.

இரண்டாமவர், புதிதாகக் கல்யாணமான பெண், தேர்வாளர் எதையோ பார்த்துவிட்டார் என்று நினைத்துப் பின்னால் திரும்பினார். பின்னால் ஒன்றுமில்லை. முன்னால் ஒரு தபால் பெட்டி இருந்தது.

மூன்றாமவர் ஒவ்வொரு வளைவிலும் "ஏன்? ஏன்?" என்று கேட்டார். நான்காமவர், தம் ஓட்டும் திறமையைக் கண்டு தேர்வாளர் பிரமித்துப்போயிருக்கிறார் என்று புரிந்துகொண்டு, வேகத்தைக் கூட்டினார். ஐந்தாமவர் அழுதார்.

ஐந்து பேரும் ஃபெயில். வழக்கமான கடுமுகத்தோடுகூட இரண்டு பேராவது தேறுவார்கள்.

மறுநாள் தேர்வாளர் என்னிடம் தொலைபேசியில் சொன்னார் (ஆமாம், அதற்குள் எண் வாங்கியிருந்தேன், வில்லிகளிடம் எண் வாங்குவது எழுத்தாளருக்குக் கூடாத பழக்கம்): "முறைச்சாலும் என்னையே பாக்கறாங்க. மலர்ந்தாலும் என்னையே பாக்கறாங்க. ரோட்டை எவனும் பாக்க மாட்டேங்கறான். இருபத்தொரு வருஷமா தப்பு என் மூஞ்சியிலன்னு நெனச்சுட்டிருந்தேனே!"

6

படம் கடைசியில் கிடைத்தது. கிடைத்த இடம் அவருடைய அலுவலகத்திலேயே.

பத்தொன்பது வயதில் அவர் அதே அலுவலகத்தில்தான் தேர்வு எழுதி, ஓட்டி, உரிமம் வாங்கியிருந்தார். தேறியவர்களை அங்கேயே, அப்போதே படம் எடுத்து, விண்ணப்பத்தில் ஒட்டி வைப்பது அந்நாளைய வழக்கம்; அவர் அதை மறந்தே போயிருந்தார். பதிவறைக் குமாஸ்தா மூன்று அலமாரி தள்ளி, ஏணி வைத்து ஏறி, தும்மிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

படத்தில் ஒரு பெண். நேர்க்கோட்டுப் புருவங்கள், கண்ணுக்கு மேல் கூரைபோல. யாரையோ கைது செய்ய வந்த மாதிரி முகம்.

டாக்டரம்மா ஒரு சிறு அளவுகோலை வைத்து அங்கும் இங்கும் அளந்தார். "எவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க இதுல?"

"டாக்டர், அன்னிக்குத்தான் நான் பாஸ். எங்க வீட்டுல கார் ஓட்டக் கத்துக்கிட்ட முதல் பொண்ணு நான். அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல."

"தெரியுது. கண்ணுல இருக்கு." அளவுகோலை வைத்துவிட்டார். "இறங்கினதைத் தூக்கறது என் வேலை. இது இறங்கின புருவம் இல்ல. இது உங்க புருவம். அன்னிக்கும் இங்கதான் இருந்துச்சு, இன்னிக்கும் இங்கதான் இருக்கு."

"அப்ப செய்ய முடியாதா?"

"முடியுமே. எல்லா விவரமும் தெரிஞ்சு, உங்களுக்காக நீங்க கேட்டா செய்வேன். ஆனா நீங்க கேக்கறது வேற. ஒரு ரிப்போர்ட்டுல இருக்கற வரியை எடுக்கச் சொல்றீங்க. என் கத்தி அவ்வளவு தூரம் எட்டாது."

[வந்த நோயாளியைத் திருப்பி அனுப்பும் அழகு அறுவை மருத்துவரா என்று நீங்கள் சந்தேகப்படலாம். நானும் பட்டேன். 'இவ்வளவு நல்ல டாக்டர் கதைக்கு ஒத்துவராது, கொஞ்சம் பேராசை சேர்க்கலாமா' என்று யோசித்தேன். சேர்த்துப் பார்த்தேன். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "என் நெத்தி ரேகையை வேணும்னா அதிகமாக்கிக்கோங்க, இதை எடுத்துடுங்க," என்றார். எடுத்துவிட்டேன்.]

7

இப்போது முடிவுகள்.

இயக்குநருக்கு எழுதிய முடிவு: அறுவை. மலர்ந்த முகம். நேர்காணல். குழுத் தலைவர் எழுந்து நின்று கைகொடுக்கிறார். பூங்கொத்து. 'இப்போது என் புருவங்கள் மட்டுமல்ல, என் வாழ்க்கையும்' [நிறுத்தினேன். நேர்காணலுக்கு அப்போது ஒன்பது நாள்தான் இருந்தது. என் கையேட்டின்படியே பார்த்தால் அவர் வீங்கிய முகத்தோடு போய், நாற்காலிக்குப் பதில் நாலு நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்திருப்பார்.]

வாரப் பத்திரிகைக்கு எழுதிய முடிவு: தேர்வாளர் நேர்காணலில் எழுந்து, அக அழகைப் பற்றி ஒரு பக்கம் பேசுகிறார். குழுவே கண் கலங்குகிறது. [எனக்குத் தெரிந்த தேர்வுக் குழுக்கள் கலங்குவதில்லை. கடிகாரம் பார்க்கும்.]

எனக்காக எழுதிய முடிவு: அவர் ஃபெயில். [இதை எழுதி முடித்துப் படித்தபோது, எனக்கு என்னையே பிடிக்கவில்லை. கிழித்தேன். இரண்டாகக் கிழித்தது போதாதென்று நாலாகவும்.]

இனி வருவது நடந்தது. நான் அங்கே இல்லை. காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்த குழு உறுப்பினர் ஒருவர் சொல்லித் தெரியும்.

8

குழுவில் மூவர். நடுவே தலைவர், பெயர்ப்பலகை மேசையை விட நீளம். ஒரு பக்கம் ஓய்வுபெற்ற பொறியாளர். மறுபக்கம் பள்ளி முதல்வர் அம்மா.

தலைவர் அறிக்கையைப் பிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பொதுமக்கள் பயப்படறாங்க. முகத்துக்கு ஏதாவது... இப்பல்லாம் எவ்வளவோ வசதி வந்திருக்கே?"

தேர்வாளர் பழைய படத்தை மேசைமேல் வைத்தார். "ஐயா, இது எனக்கு லைசென்ஸ் கெடச்ச அன்னிக்கு எடுத்தது. வாழ்க்கையிலேயே இதைவிடச் சந்தோஷமா நான் இருந்ததில்ல. பாத்துக்கோங்க."

பள்ளி முதல்வர் அம்மா பார்த்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டார். பொறியாளர் பார்த்து, "அடேயப்பா," என்றார்.

"சரி சரி," என்றார் தலைவர். "மாதிரித் தேர்வுக்குப் போவோம். இன்னிக்கு நானே ஓட்டறேன்."

தலைமைத் தேர்வாளர் பதவிக்கு மாதிரித் தேர்வு நடத்திக் காட்ட வேண்டும். குழுவில் ஒருவர் தேர்வுக்கு வந்தவர்போல வண்டி ஓட்டுவார். வழக்கமாகப் பொறியாளர் ஓட்டுவார். தம் அறிக்கையின் வரியைத் தாமே நிரூபிக்க வேண்டுமென்று தலைவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பதினைந்து வருடமாக அவர் பின்னிருக்கையில்தான் பயணம். இருக்கை பெல்ட்டைத் தேடவே ஒரு நிமிடம் ஆயிற்று.

கிளம்புமுன் தேர்வாளர் சொன்னார். இருபத்தொரு வருடத்தில் முதல்முறையாகச் சொன்னார். "ஒரே ஒரு விஷயம் ஐயா. என் மூஞ்சியில எதுவும் எழுதியிருக்காது. ரோட்டைப் பாருங்க."

தலைவர் ஓட்டினார். முதல் திருப்பத்தில் தேர்வாளர் முகத்தைப் பார்த்தார். இரண்டாவதில் பார்த்தார். சந்திப்புக்கு வரும்போது தேர்வாளர் பக்கக் கண்ணாடியில் ஒரு சைக்கிளைக் கவனித்தார். புருவம் அரை நூல் இறங்கியிருக்கலாம். தலைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நிறுத்தக் கோட்டைத் தாண்டி, அதற்கப்புறமும் தாண்டிக்கொண்டே போயிற்று. தேர்வாளரின் கால், தேர்வு வண்டியில் தம் பக்கத்திலும் வைத்திருந்த இரண்டாவது பிரேக்கை மிதித்தது. மூக்குக்கு முன்னால் ஒரு லாரி போயிற்று.

தலைவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்க முறைச்சீங்க," என்றார் தலைவர்.

"நான் சைக்கிளைப் பாத்தேன் ஐயா. நீங்க ஏன் என்னைப் பாத்தீங்க?"

தேர்வாளர் மதிப்பெண் தாளை எடுத்தார். பின்னிருக்கைக்காரர் சொல்கிறார்: அந்த நிமிடம் அவர் பேனா நின்றது. ஒரே ஒரு நொடி. இருபத்தொரு வருடம் அந்தப் பேனாவின் முனையில் நின்றது. பொதுவாக மாதிரித் தேர்வில் குழு உறுப்பினரை யாரும் ஃபெயில் ஆக்குவதில்லை. 'சிறு குறைகள்' என்று எழுதிப் புன்னகையோடு நீட்டிவிடுவார்கள்.

தேர்வாளர் எழுதினார். கிழித்தார். தலைவரிடம் நீட்டினார். "நிறுத்தக் கோட்டுல நிக்கல. ஃபெயில். பதினாலு நாள் கழிச்சுத் திரும்ப வரலாம். நல்லா ப்ராக்டிஸ் பண்ணிட்டு வாங்க."

பின்னிருக்கையிலிருந்து பள்ளி முதல்வர் அம்மாவின் குரல் வந்தது. "ஐயா, நான் முடிவு பண்ணிட்டேன். இந்த நாற்காலிக்கு வேற என்ன தகுதி வேணும்?"

"எனக்கும் அதேதான்," என்றார் பொறியாளர். "ஆனா முதல்ல யாராவது வண்டியைத் திருப்புங்க. ஃபெயிலானவர் ஓட்டக் கூடாது."

திரும்பும்போது தேர்வாளர்தான் ஓட்டினார். தலைவர் பின்னிருக்கையில், தமக்குப் பழகிய இடத்தில் இருந்தார். அன்று மாலையே உத்தரவு வந்தது. அதில் முகத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தங்கை மருந்துக்கடையில் எல்லாருக்கும் இலவசமாக இருமல் மிட்டாய் கொடுத்தார்.

9

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் உங்களுக்கு நான் ஒன்று பாக்கி.

நாற்காலியில் உட்கார்ந்த ஒரு மாதத்துக்குப் பிறகு, தலைமைத் தேர்வாளர் மறுபடியும் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார். கையேட்டின் கடைசித் திருத்தத்தோடு நானும் அங்கே இருந்தேன். (முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், 'வரும்போது உங்கள் பழைய படம் ஒன்றைக் கொண்டு வாருங்கள்' என்று போட வேண்டுமென்று டாக்டரம்மா அடம்பிடித்திருந்தார். இயக்குநர் அதைப் படித்தார். மகிழ்ச்சியா, மாரடைப்பா என்று தெரியவில்லை. அச்சாகிவிட்டது.)

"இப்ப யாரும் என்னைக் கேக்கல டாக்டர். எவனும் எதுவும் எழுதல. இப்ப எனக்கே ஒரு ஆசை வந்தா?"

"வந்தா வாங்க."

"மரத்துப்போறது, அரிக்கறது, எல்லாம் படிச்சுட்டேன். நல்லாத்தான் எழுதியிருக்கார். கண்ணாடி பாக்காம லேன் மாறுவாரே தவிர."

பிறகு அவர் இரண்டு வாரம் லீவு எடுத்தார். எங்கே போனார் என்று தங்கையிடம் கேட்டேன். "கடல் பாக்க," என்றார் தங்கை, சிரிப்பை அடக்கிக்கொண்டு. இரண்டு வாரம். மூன்றாம் பகுதியின் அடிக்குறிப்பை வேண்டுமானால் திரும்பப் படித்துப் பாருங்கள். கடல் பார்க்கவும் இரண்டு வாரம் ஆகலாம். நான் எதையும் சொல்லவில்லை.

புருவம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஓர் எழுத்தாளனாக நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது என் கடமை. தலைமைத் தேர்வாளர் ஆன பிறகும் வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை, அவரே தேர்வு நடத்துகிறார். போன வாரம் என் மூன்றாவது தேர்வு. கதவு திறந்தது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். அட்டையில் தாளைச் செருகும் சத்தம்.

"என் மூஞ்சியில எதுவும் எழுதியிருக்காது. ரோட்டைப் பாருங்க."

பார்த்தேன். கண்ணாடியைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன், சைக்கிளைப் பார்த்தேன், நிறுத்தக் கோட்டைப் பார்த்தேன். கோட்டுக்குக் கையளவு முன்னால் நின்றேன். இடது ஓரத்தில் ஒரு முகம் இருக்கிறது என்பது தெரிந்தது, கழுத்து திரும்பத் துடித்தது, திருப்பவில்லை. திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும் மடியில் ஒரு தாள் விழுந்தது. நான் தாளைத்தான் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. நிமிர்ந்தபோது அவர் அடுத்த காரில் ஏறிவிட்டிருந்தார்; பின்னந்தலை மட்டும் தெரிந்தது, நேராக.

அதனால் இந்தக் கதையின் முடிவு எனக்குத் தெரியாது. நான் பாஸ்.

உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் வியாழக்கிழமை காலை விண்ணப்பத்தோடு வரிசையில் நில்லுங்கள். முடிவு உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும். திரும்பிப் பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் இஷ்டம்.